வாளியைத் திருப்பித் தருவதற்கு முன்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

அபுவெலா (ஸ்பானியத்தில் பாட்டி) வீடு திரும்பி இன்றோடு 11 நாட்கள் ஆகின்றன. டிசம்பர் 12, குவாதலூப்பே மாதா திருநாளன்று மாலை, சக்கர நாற்காலியோடு அவரை வாசற்படி ஏற்றியபோது நீங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றிருந்தீர்கள். ஆகவே அதற்கு முந்தைய வாரங்களை நான் விவரிக்க வேண்டியதில்லை, விவரிக்கும் தெம்பும் இன்னும் வரவில்லை. பேச்சு நாளுக்கு நாள் தெளிந்து வருகிறது. வலக்கைதான் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் நன்றி சொல்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. அப்பாவைப் பெற்ற பாட்டி டெக்சஸின் ஃபிரெடரிக்ஸ்பர்க் ஊரில் ஜெர்மானியக் குடும்பத்தில் வளர்ந்தவர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்களை மேசையில் உட்காரவைத்து, பரிசு தந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மடல் எழுதி முடிக்கும்வரை பொம்மையைத் தொட விடமாட்டார். அம்மாவைப் பெற்ற அபுவெலாவுக்கோ உறவுக்குள் யாராவது நன்றி என்று சொன்னாலே முகம் வாடிவிடும். அந்நியரிடம் கணக்குத் தீர்ப்பதுபோல அது அவருக்குப் படும். உணவோடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் அறிந்த நன்றி. இரண்டையும் பழகி வளர்ந்தவள் நான் என்பதால், முதலில் இந்த மடல்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் முறைவைத்துத் தூங்கிய மாமா பிள்ளைகளுக்கும், இரவுதோறும் ஜெபமாலை சொன்ன பங்குப் பெண்களுக்கும், அம்மாவின் ஞானப் பெற்றோருக்கும், முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லாமல் எவர் வீட்டுக்கும் போகாத தன் வழக்கத்தை விட்டுவிட்டு நாள்தோறும் ஃபிரெடரிக்ஸ்பர்க்கிலிருந்து கார் ஓட்டிவந்த அப்பா வழிப் பாட்டிக்கும் எங்கள் நன்றி. அபுவெலாவின் உள்ளங்காலில் விக்ஸ் தடவி உறை மாட்டிவிடலாமா என்று நான் தயங்கிக் கேட்டபோது, சிரிக்காமல், காலுறையின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்து உதவிய இரவு நேரச் செவிலியருக்கும்.

இனி நான் எழுதுவது மாவுமில்லில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் உங்களுக்கு, சென்யோரா. உங்கள் பெயரை அன்றும் கேட்கத் தவறினேன்.

மக்காச்சோள மாவுக்குள் இறைச்சி வைத்து, கதிரின் மேலுறையில் மடித்து ஆவியில் வேகவைக்கும் தமாலே இந்த ஆண்டு வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். எனக்கு நினைவு தெரிந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை இந்தச் சமையலறையில் மாசா என்னும் அந்த மாவைப் பிசையாத வருடமே இல்லை. பெரியவர்கள் இறைச்சியைப் பிய்ப்பார்கள், குழந்தைகள் மக்காச்சோளக் கதிரின் காய்ந்த மேலுறைகளை வெந்நீரில் ஊறவைத்துத் துடைப்பார்கள், நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கரண்டியின் முதுகால் மாவை அவற்றில் தேய்ப்போம். மாவு பிசைவது மட்டும் அபுவெலாவின் வேலை. வேறு யாரும் கைவைத்ததில்லை. அந்தக் கை நாற்காலியின் மேல் அசையாமல் கிடக்கும்போது யார் பிசைவது? அம்மா எதுவும் சொல்லாமல் பெரிய ஆவிப் பாத்திரத்தை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். மாசாவுக்குச் சொல்லிவைக்கும் நாளும் கடந்துபோனது.

சான் அன்டோனியோவில் டிசம்பர் மூன்றாம் வாரம் ஒரு மாவுமில் எப்படி இருக்கும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். விடியும் முன்பே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். அந்த நெரிசலில், முன்பதிவு நோட்டில் அபுவெலாவின் பெயர் இல்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். வரிசையில் நின்ற யாரிடமோ விசாரித்திருக்கிறீர்கள். யாரும் சொல்லாமலே 30 பவுண்டு எடுத்து ஒதுக்கிவைத்து, கடை அடைத்த பிறகு, மூடி போட்ட வெள்ளை வாளியோடு எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். மூடியில் ஒட்டிய நாடாவில் அபுவெலாவின் பெயரும், அதன் கீழே 'சின் பிரெபரார்', அதாவது எதுவும் சேர்த்துப் பிசையாதது, என்ற இரண்டு ஸ்பானியச் சொற்களும் இருந்தன.

அந்த இரண்டு சொற்களைப் பார்த்துத்தான் நான் அழுதேன். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த மக்காச்சோளத்தை அரைத்து, கொழுப்பும் உப்பும் சேர்த்துப் பிசைந்தே விற்கும் மாவும் உங்கள் கடையில் உண்டு. நேரமில்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. அபுவெலா ஒருநாளும் அதை வாங்கியதில்லை. எதுவும் சேர்க்காத மாவுதான் அவருக்கு வேண்டும். எத்தனையோ பேருக்கு நிறுத்துக் கொடுக்கும் நீங்கள் இதை நினைவில் வைத்திருந்தீர்கள். மாவுக்கான பணத்தை நான் நீட்டியபோது மறுக்காமல் எண்ணி வாங்கிக்கொண்டீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இலவசமாகக் கொடுத்திருந்தால் அபுவெலாவின் மனம் புண்பட்டிருக்கும். அதையும் நீங்கள் அறிந்திருந்தீர்கள் என்றே நினைக்கிறேன்.

பிறகு உங்கள் மேலங்கியைக் கழற்றிவைத்துவிட்டு, காலையிலிருந்து நின்றே இருந்த கால்களோடு, இன்னும் ஒரு மணி நேரம் எங்கள் சமையலறையில் நின்றீர்கள். பன்றிக் கொழுப்பை முதலில் தனியாக அடிக்க வேண்டும், அது வெளுத்துப் பஞ்சுபோல ஆன பிறகே மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும், இறைச்சி வெந்த சாறு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். பாத்திரத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, என் கையைத்தான் பிசைய வைத்தீர்கள். தோள் கடுத்தது. போதுமா என்று நான் கேட்டபோது, நீங்கள் பதில் சொல்லாமல் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி அபுவெலாவின் முன்னால் வைத்தீர்கள்.

அவர் இடக்கையால் மாவில் ஒரு சிட்டிகை கிள்ளி, நீரில் போட்டார். அது அடியில் போய் உட்கார்ந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மறுபடி பிசையத் தொடங்கினேன். இரண்டாம் முறையும் மூழ்கியது. மூன்றாம் முறை அந்தச் சிறு உருண்டை பாதிவரை இறங்கி, தயங்கி, மெல்ல மேலே வந்து மிதந்தது. "அசி, மிஹா" என்றார். அப்படித்தான், மகளே. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் ஸ்பானியச் சொற்கள் அவை.

எங்களுக்கு அது எவ்வளவு பெரியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். டெக்சஸில் 1918-இல் வந்த சட்டம் பள்ளியில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் கற்பிப்பதைக் குற்றமாக்கியிருந்தது. இரு மொழிகளில் கற்பிக்க 1969-இல்தான் வழி திறந்தது. 1950-களில் பள்ளிக்குப் போன அபுவெலா, விளையாட்டு மைதானத்தில் ஸ்பானியம் பேசியதற்காக அடிவாங்கியவர். தன் பிள்ளைகளுக்கு அது நேரக் கூடாது என்று அம்மாவை ஆங்கிலத்திலேயே வளர்த்தார். அதனால் எனக்கு அந்த மொழி ஒழுங்காக வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தவை பழக்கங்கள்: வெளியே கிளம்பும்போது நெற்றியில் சிலுவை வரைந்து ஆசி வாங்குவது, அடிபட்ட முழங்காலைத் தடவித் தவளை வாலைப் பற்றிய மந்திரம் சொல்வது, ஜனவரி 6 அன்று ரொஸ்கா ரொட்டியில் ஒளிந்திருக்கும் குழந்தை பொம்மை யாருக்குக் கிடைக்கிறதோ அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே தருவது. பள்ளித் தோழிகளின் வீடுகளில் சரியாக ஆறு மணிக்கு அமைதியாக இரவுச் சாப்பாடு நடக்கும். நானும் அப்படி ஒரு வீட்டை விரும்பிய வருடங்கள் உண்டு. அதை எண்ணி இப்போது வருந்துகிறேன். பிசையக் கற்றுக்கொள் என்று அபுவெலா என்னை இரண்டு முறை கூப்பிட்டபோது, அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டவளும் நானே.

இனி ஒவ்வொரு டிசம்பரிலும் நான் பிசைவேன். நவம்பரிலேயே உங்கள் நோட்டில் பெயர் இருக்கும், அதே இரண்டு சொற்களோடு. எட்டு வயதாகும் என் அண்ணன் மகளை இந்த முறையே பக்கத்தில் நிற்கவைத்து, அவள் கையையும் மாவில் வைக்கச் செய்தேன்.

உங்கள் வாளி கழுவிக் காய்ந்து இருக்கிறது. நாளை 24-ஆம் தேதி காலை, வரிசை தொடங்கும் முன்பே, பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறேன். உள்ளே நான்கு டஜன் இருக்கும்: பன்றி இறைச்சி இரண்டு, பீன்ஸ் ஒன்று, திராட்சை போட்ட இனிப்பு ஒன்று. இனிப்புத் தமாலேக்களை அபுவெலாவே இடக்கையால் மடித்தார். மடிப்பு கொஞ்சம் தளர்ந்திருக்கும். பிரிக்கும்போது பார்த்துப் பிரியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளரின் பேத்தி
சான் அன்டோனியோ, டிசம்பர் 23