திருப்பூர்ப் பின்னலாடை நிறுவன உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவன உரிமையாளர்களுக்கும் தொழிலாளர் விடுதிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் டிசம்பர் 1 அன்று நம் ஊர் நிறுவனங்கள் சிலவற்றில் எச்.ஐ.வி. விழிப்புணர்வு உறுதிமொழி எடுக்கப்படுகிறது. ஒலிபெருக்கியில் தமிழில் வாசிக்கப்படும் வரிகளுக்கு, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள் கையை நீட்டியபடி வாயசைக்கிறார்கள். படம் எடுத்து முடிந்ததும் மிஷினுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு அதில் என்ன விளங்கியிருக்கும் என்று ஒருமுறையேனும் விசாரித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதினெட்டு, இருபது வயதில் தன்பாத் – ஆலப்புழா ரயிலில் வந்து இறங்கி, ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கி, வாரம் முழுவதும் ஒன்றரை ஷிப்டு பார்த்து, சனிக்கிழமை சம்பளத்தோடு ஞாயிறு காதர்பேட்டைக் கடைவீதிப் பக்கம் போய்வரும் இந்தப் பிள்ளைகளுக்கு உடலுறவு பற்றிய ஆசையும் சந்தேகமும் இருப்பது வயதின் இயல்பு. கேட்டுத் தெளியத்தான் ஆளில்லை. உறுப்பில் புண் கண்டால் மருந்துக்கடையில் உடம்புச்சூடு என்று சொல்லி இரண்டு நாள் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். சிபிலிஸ் போன்ற பால்வினை நோயில் புண் தானாகவே ஆறிவிடும், கிருமி மட்டும் உடலில் தங்கிவிடும் என்பதையும், அத்தகைய புண் இருக்கும்போது எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் அவர்கள் மொழியில் யாரும் சொன்னதில்லை.

வடநாட்டுப் பையன்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்ற பேச்சும் காதில் விழுகிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் லாரி ஓட்டுநர்களைக் கைகாட்டினோம். இப்போது கை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

உங்களால் ஆகக்கூடியது அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இந்தியும் ஒடியாவும் பேசத் தெரிந்தவர்களை, இயன்றால் அதே லைனில் தைக்கும் மூத்த தொழிலாளி ஒருவரையே பயிற்றுவித்துப் பேசச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் அங்கே நிற்க வேண்டாம். விடுதிக் கழிப்பறையில், கண்காணிப்பு கேமரா இல்லாத இடத்தில், ஆணுறைப் பெட்டி ஒன்று இருக்கட்டும். பெண்கள் விடுதிகளில் இதே பேச்சைப் பெண்களே நடத்த வேண்டும்.

பரிசோதனை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் என்னிடம் முதலில் கேட்டது நோயைப் பற்றியல்ல, "ரிசல்ட் கம்பெனிக்குப் போகுமா?" என்றுதான். போகக்கூடாது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, தொழிலாளியின் ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும், வேலை தருவதற்கு அதை நிபந்தனையாக்குவதையும், தொற்றைக் காரணம் காட்டி நியாயமின்றி வேலையை விட்டு நீக்குவதையும் தடை செய்கிறது. ஆகவே முகாம் நடத்தி வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுப்பதைவிட, அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், முடிவு ரகசியமாக வைக்கப்படும் என்று அறிவித்து, அங்கே போய்வர அரை நாள் அனுமதிப்பதே மேல். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், சிலர் மூன்று மாதம் கழித்து மீண்டும் போக வேண்டியிருக்கும்.

தொற்று உறுதியானவர் அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையத்தில் இலவசமாகத் தரப்படும் கூட்டு மருந்தை நாள்தோறும் எடுத்துக்கொண்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலையில் நீடித்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இதை அறிந்த முதலாளி அவரை அனுப்பிவிட நினைக்கமாட்டார். மாத்திரை வாங்கப் போகும் நாளில் காரணம் கேட்டுத் துருவாமல் விடுப்புத் தரவேண்டும். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர் மாத்திரையைக் கையோடு வாங்கிச் செல்லவும், அங்கேயே தங்கிவிட்டால் அவ்வூர் மையத்துக்குச் சிகிச்சையை மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு; ஊருக்குப் புறப்படும் தேதி முன்கூட்டியே தெரிந்தால்தான் இரண்டும் நடக்கும்.

நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும், மேலே சொன்ன 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் அலுவலர் ஒருவரை நியமித்தாக வேண்டும். அவர் பெயரையும் 1097 என்ற இலவச உதவி எண்ணையும் தமிழ், இந்தி, ஒடியா மொழிகளில் எழுதி, வருகைப் பதிவு செய்யும் இடத்தில் இம்மாதத்துக்குள் வைத்துவிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தொழிலாளர் குடியிருப்புகளில் நலப்பணி செய்யும் ஒருவன்