ஞாயிறு கூடலுக்கு முன் ஒரு வேலை
வணக்கம் எல்லாருக்கும். ஞாயிறு பின்னேரம் கதைக்கப்போவது ஓவியர் வேரா மோல்னாரைப் பற்றி. 1924இல் புடாபெஸ்டில் பிறந்து பாரிசில் வாழ்ந்தவர், கணினி கிடைக்கும் முன்பே தனக்குத்தானே விதிகள் வகுத்து அதன்படி கையால் வரைந்துகொண்டிருந்தவர், 1968இல்தான் உண்மையான கணினிக்குப் போனார். தன் அம்மாவின் கையெழுத்தைக்கூட நிரலால் வரைய வைத்திருக்கிறார், தேடிப் பாருங்கள் (எனக்கு அவரின் சதுரங்களைவிட அதுதான் பிடிக்கும்).

சரி, வேலை இதுதான்: உங்கள் ஒழுங்கையில் கிடுகு வேலி இன்னும் மிஞ்சியிருந்தால் அதைப் பார்த்து ஒரே ஒரு ஓலைக் கீற்றைக் கிரிட்டா என்ற வரைதல் மென்பொருளில் வரைந்து, அதையே நகலெடுத்து அடுக்கி, ஒவ்வொன்றின் சாய்வையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், எந்த இடத்தில் வேலி குலைகிறது என்று பார்ப்போம். ஃபில்டர் வேண்டாம். மடிக்கணினி இல்லாதவர்கள் கொப்பியில் வரைந்து படம் எடுத்துப் போடலாம், சனி இரவுக்குள்.