அந்தப் பேனாக்கத்தியைத் தேய்க்காதீங்க, அண்ணே

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் பழைய சாமான் கடையில் எனாமல் தட்டுகளுக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் பூட்டுச் சாவி, பாக்குவெட்டி, உடைந்த மூக்குக்கண்ணாடி, அதோடு ஐந்து பேனாக்கத்தி. ஐந்தில் ஒன்று, செடிகொடியைக் கழித்துவிடத் தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் கவாத்துக் கத்தி. எருமைக் கொம்புப் பிடி, முனை கிளி மூக்கு மாதிரி உள்ளே வளைந்த அலகு. கையில் அன்றைக்குப் பணம் போதவில்லை. "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்களும் யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்திருந்தீர்கள். அதற்கு நன்றி.

ஆனால் நான் வந்தபோது நீங்கள் என் கையில் வைத்த கத்தி வெள்ளிக் கரண்டி மாதிரி மின்னியது. பட்டறையில் கொடுத்து பாலிஷ் போட்டு வாங்கி வைத்திருந்தீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் கிளம்பியதும், விலை கட்டுப்படியாகவில்லை போல என்று நினைத்திருப்பீர்கள். விலை இல்லை அண்ணே. நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அலகு பிடிக்குள் நுழைகிற இடம் இருக்கிறதே, அடியில் ஒரு நகக்கண் அகலத்துக்குத் தட்டையாக, அங்கேதான் செய்தவரின் முத்திரை இருக்கும். முதல் நாள் அதை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கருப்பேறிய எஃகில் ஒரு நட்சத்திரமும் அதன் பக்கத்தில் ஒரு சிலுவையும் தெரிந்தன. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் அடையாளம் அது. மேலே கிரீடம் மாதிரி ஒன்று, அதன் இரண்டு பக்கமும் எழுத்துகள். அவர்கள் அரச குடும்பத்துக்குக் கத்தி செய்து கொடுத்தவர்கள், அதனால் ஆட்சியில் இருப்பவரின் முதலெழுத்தைப் பொறிப்பார்கள். 'வி.ஆர்.' என்றால் விக்டோரியா காலம், 1901-க்கு முன். 'ஈ.ஆர்.' என்றால் எட்வர்டு, 1901 முதல் 1910 வரை. 'ஜி.ஆர்.' இருந்தால் பெரும்பாலும் அதற்கும் பின்னால் வந்த ஜார்ஜ் மன்னர்கள். முதல் எழுத்தின் மேல் துரு மூடியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, துணியால் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று இருந்தேன். இப்போது அந்த இடம் வழுவழுவென்று இருக்கிறது. அது யார் காலத்துக் கத்தி என்று இனி யாராலும் படிக்க முடியாது.

இன்னொரு சேதமும் இருக்கிறது. அலகின் கொக்கி முனையில் ஊதா நிறத்தில் ஒரு கீற்று ஓடுவதைக் கவனித்தீர்களா? சக்கரம் வேகமாகச் சுற்றும்போது மெல்லிய முனை சட்டென்று சூடேறும். 300 டிகிரிக்குப் பக்கத்தில் போனால் எஃகு அப்படி நீலம் பாயும். அத்தோடு கொல்லர் ஏற்றிய பதம் இறங்கிவிடும். அப்புறம் எத்தனை தடவை சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. பார்வைக்குப் புதுக் கத்தி, வெட்டினால் மழுங்கல்.

கருப்பைப் பார்த்து அழுக்கு என்று நினைக்கிறோம். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகைச் செய்ததே 1913-ல்தான். அதற்கு முந்திய கத்தி எல்லாம் சாதாரணக் கார்பன் எஃகு. எலுமிச்சை, மாங்கொம்பு என்று வெட்ட வெட்ட, சாறு பட்டுப் பட்டு அது சாம்பலும் நீலமுமாக மாறும். அந்தப் படலம் சிவப்புத் துருவை ஓரளவு தள்ளியே வைக்கும். அதை உரித்து எடுத்தால் அடுத்த மழைக்காலத்திலேயே துரு புதிதாகப் பிடிக்கும்.

எனக்கு ஏன் இவ்வளவு பதறுகிறது என்றால், என் அப்பா செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் தோட்ட வேலை பார்த்தவர். அந்த வீட்டுச் செட்டியார் ஐயா பினாங்கிலிருந்து வந்தபோது ஒரு கவாத்துக் கத்தி கொண்டுவந்து கொடுத்தார். கார்த்திகையில் மல்லிகைச் செடியை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து பண்ணுவதற்கு அப்பா அதைத்தான் எடுப்பார். வளைந்த முனை கொம்பைப் பிடித்துக்கொள்ளும், நழுவாது. தன் பக்கமாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான். எலுமிச்சையில் மொட்டு ஒட்டுக் கட்ட வேறு கத்தி. பட்டையை 'டி' எழுத்து மாதிரி கீறி, பிடியின் மறுமுனையில் இருக்கும் எலும்புத் துடுப்பால் பட்டையைத் தூக்கி, மொட்டைச் செருகி நார் சுற்றுவார். நான் நாரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

கவாத்துக் கத்தி இப்போது என்னிடம் இருக்கிறது. மரப்பிடியில் அவர் கட்டைவிரல் பதிந்த இடம் லேசாகக் குழிந்திருக்கும். அலகின் வயிற்றுப் பக்கம் சாணைக்கல்லில் தேய்ந்து தேய்ந்து ஒடுங்கிவிட்டது. மூடினால் இன்னும் "டக்" என்று ஒரே சத்தம். அதுவும் தேய்மானம்தான் அண்ணே, ஆனால் அது வேலை செய்து தேய்ந்தது.

ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று போன செட்டிநாட்டுக்காரர்கள் தேக்குத் தூணும் கண்ணாடியும் மட்டுமா கொண்டுவந்தார்கள்? சட்டைப் பையில் இப்படிச் சின்னச் சாமானும் வந்தது. அந்தப் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது தூணுக்கும் கதவுக்கும் ஆள் போட்டி போட்டு வருகிறார்கள். பிஸ்கட் டின்னைத் திறந்து பார்ப்பது நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அடுத்த லோடு வந்தால் மடக்குக் கத்தி எதையும் பட்டறைக்கு அனுப்பாதீர்கள். திறக்க வரவில்லை என்றால் நெம்பவும் வேண்டாம். கீலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வைத்தாலே இளகிவிடும். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. நல்லெண்ணெய் விடாதீர்கள், நாள்பட்டால் பிசினாகிவிடும். புளி பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி, எஃகில் போட்டால் அரித்துவிடும். ஷெஃபீல்டு என்றோ, அந்த ஊர்க் கம்பெனி 'சேனர்' என்றோ, ஜெர்மனியில் ராய்ட்லிங்கன் ஊர்க் கம்பெனி 'டினா' என்றோ பெயர் தெரிந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். டினாக்காரர்கள் 1854-லிருந்து தோட்டக் கத்தி செய்கிறார்கள். மான் கொம்புப் பிடி போட்டது வந்தால் மட்டும் எனக்கு வேண்டாம். ஒரு காலத்தில் நம் நாட்டுக் கடமான் கொம்பு ஷெஃபீல்டுக்கே கப்பலேறியது உண்மைதான், ஆனால் இன்றைக்கு இங்கே அதை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி கூடாது.

பாலிஷ் போட்ட கத்திக்கு நீங்கள் சொன்ன விலையை, துருவோடு இருக்கிற கத்திக்கே நான் தருகிறேன். பட்டறைக் கூலியும் உங்களுக்கு மிச்சம்.

சரி, அந்தக் கொக்கிக் கத்தியையும் விற்றுவிடாதீர்கள். அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன். வரும்போது அப்பாவின் கத்தியையும் கொண்டுவருகிறேன், நீங்கள் ஒரு தடவை மூடித் திறந்து பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கவாத்துக் கத்தி கேட்டு வந்த தம்பி