ஸ்டேட் ஃபேருக்குப் போகும் முன்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே கழிந்த வார இறுதியில் நம் தமிழ்ப் பள்ளி மீண்டும் தொடங்குகிறது. லேபர் டேயோடு முடியும் 12 நாட்களும் மினசோட்டா ஸ்டேட் ஃபேர், அதாவது நம் மாநிலக் கண்காட்சி, நடக்கும். நம் பிள்ளைகளில் பலர் ஒரு நாளாவது போய்வருவார்கள். அந்த ஒரு நாளை எப்படி வகுத்துக்கொள்வது, எதைத் தின்னக் கொடுப்பது, எதில் கவனம் வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். கடைசியில் ஒரு சின்ன வீட்டுப்பாடமும் இருக்கிறது.

குச்சியில் செருகிய தின்பண்டங்களும் ராட்டினங்களும் கண்ணைப் பறித்தாலும், இது அடிப்படையில் உழவர்களின் கண்காட்சி. 1858-இல் மினசோட்டா மாநிலமாயிற்று. அடுத்த ஆண்டே முதல் ஸ்டேட் ஃபேர் நடந்தது. 1885 முதல் இப்போதுள்ள இடத்தில் நடக்கிறது. மைதானம் 322 ஏக்கர். ஒரே நாளில் முழுவதையும் பார்த்துவிட நினைத்தால் பிள்ளைகள் மதியத்துக்குள் சோர்ந்துவிடுவார்கள். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் கட்டடங்களுக்குள் இருப்பவை, பிறகு கால்நடைகள், பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவல், அதன் பிறகே சாப்பாடு, ராட்டினம் கடைசியில்.

முடிந்தால் வார நாளில் போங்கள். 2018 செப்டம்பர் 1, சனிக்கிழமை, அந்த ஒரு நாளில் மட்டும் 2,70,426 பேர் வந்தார்கள். அத்தகைய கூட்டத்தில் தள்ளுவண்டியோடு நகர்வதே கஷ்டம். வாயில்கள் காலை 7 மணிக்குத் திறக்கும். கண்காட்சிக் கட்டடங்கள் 9 மணிக்கு. காரை மைதானத்துக்குப் பக்கத்தில் நிறுத்த அலையாமல், ஊரின் பல பகுதிகளிலும் உள்ள இலவச பார்க் அண்ட் ரைடு இடங்களில் நிறுத்திவிட்டு அவர்களுடைய இலவசப் பேருந்தில் போவது நல்லது. நுழைவுச்சீட்டை ஃபேர் தொடங்கும் முன்பே வாங்கினால் விலை குறைவு. 4 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை.

காலையில் பால்பொருள் கட்டடத்தில் தொடங்கலாம். மெதுவாகச் சுழலும் கண்ணாடி அறைக்குள் பால் பண்ணைக் குடும்பத்துப் பெண் ஒருவர் குளிர்கால மேலங்கியோடு உட்கார்ந்திருப்பார். எதிரே 90 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 41 கிலோ வெண்ணெய்க் கட்டி. சிற்பி அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அதில் செதுக்குவார். உள்ளே 40 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர். இல்லாவிட்டால் மூக்கும் காதும் இளகிச் சரிந்துவிடும். ஒரு தலையை முடிக்கப் பல மணி நேரம் ஆகும். காலையில் ஒருமுறை, கிளம்பும் முன் இன்னொருமுறை எட்டிப் பார்த்தால், காலையில் வெறும் கட்டியாக இருந்தது மாலையில் முகமாகியிருப்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்வார்கள்.

வேளாண் தோட்டக்கலைக் கட்டடத்தில் விதை ஓவியங்கள் இருக்கும். மினசோட்டாவில் விளைந்த பயிர்களின் விதைகளை ஒவ்வொன்றாகப் பசையில் ஒட்டிச் செய்தவை. ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுபோங்கள். நம் அடுப்படியில் இருக்கும் தானியங்களை அறிந்த பிள்ளைக்கு அங்கே கண்ணில் படுவது நிறைய.

அடுத்து, கால்நடைகள். மிராக்கிள் ஆஃப் பர்த் சென்டர் எனப்படும் பேறுகால அரங்கில் பசு கன்று ஈனுவதையும், செம்மறி ஆடும் பன்றியும் குட்டி போடுவதையும் நேரில் பார்க்கலாம். நிறைமாதப் பசு ஒன்றின் முன்னால் மணிக்கணக்கில் காத்து நிற்க வேண்டாம். பனிக்குடம் வெளியே தெரிந்த பிறகு நின்றால் போதும். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்துக்குள் கன்று வந்துவிடும். முன்னங்கால்கள் இரண்டும், அவற்றின் மேல் மூக்கும் முதலில் தெரிந்தால் கன்று சரியான நிலையில் வருகிறது என்று பொருள். அப்படி இல்லாதபோது மருத்துவர்கள் கை கொடுப்பார்கள். சில பிள்ளைகள் இரத்தத்தைக் கண்டு மிரள்வார்கள். அவர்களை வற்புறுத்தாமல் வெளியே அழைத்துச் சென்று, கன்று எழுந்து நிற்கும் நேரத்தில் திரும்ப வாருங்கள். பிறந்த கன்றுக்கு முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுப்பார்கள். நோய் எதிர்ப்புப் பொருள்களைக் கன்றின் குடல் உறிஞ்சும் திறன் ஒரு நாளைக்குள் அற்றுப்போகும். அதனால்தான் அந்த அவசரம். சீம்பாலை இனிப்பாக மட்டுமே அறிந்த வீடுகளில் இது கட்டாயம் சொல்ல வேண்டிய செய்தி.

கைகழுவலைப் பற்றி அழுத்திச் சொல்லியாக வேண்டும். 2019-இல் இந்த ஃபேருக்குப் போய்வந்த 11 பேருக்கு ஈ.கோலை தொற்று ஏற்பட்டது. கன்றுகளின் குடலில் நோய் ஏதும் காட்டாமல் வாழும் இந்தக் கிருமி, 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். சானிடைசர் தடவினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. சாணமும் அழுக்கும் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். கம்பித் தடுப்பைத் தொட்டாலும் தொட்டதுதான். விலங்கைத் தொடவில்லையே என்று விட்டுவிட வேண்டாம். தண்ணீர்ப் பாட்டில், பால்புட்டி, சூப்பான், தின்பண்டம் எதையும் தொழுவங்களுக்குள் எடுத்துப் போகாதீர்கள். வீடு திரும்பிய பின் வயிற்றுப்போக்கில் இரத்தம் கண்டால் அன்றே மருத்துவரிடம் போய், கால்நடை அரங்குக்குச் சென்றதையும் சொல்லுங்கள்.

இனிச் சாப்பாடு. நம் வீடுகளில் மாட்டிறைச்சி தொடாதவர்கள், பன்றியிறைச்சி தொடாதவர்கள், சைவர்கள், முட்டை கூடச் சேர்க்காதவர்கள் எல்லோரும் உண்டு. கடையில் "வெஜிடேரியனா?" என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்ற பதிலோடு முடிந்துவிடும். "இதே எண்ணெயில் வேறென்ன பொரிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு வறுவலும் கோழியும் ஒரே எண்ணெயில் போகிறதா என்பது அப்போதுதான் தெரியும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு, அது என்ன எண்ணெய் என்பதும் தெரிய வேண்டும்.

1947 முதல் இங்கே விற்கும் ப்ரான்டோ பப், மாவில் தோய்த்துப் பொரித்த சாசேஜ். பார்வைக்கு நம் பஜ்ஜி போல இருப்பதால் சிறுவர்கள் கேட்டு அடம்பிடிப்பார்கள். உள்ளே என்ன இறைச்சி என்று கேட்காமல் வாங்க வேண்டாம். சீஸ் கர்ட் என்பது அச்சில் அழுத்தி முதிரவைக்காத இளம் பாலாடைக்கட்டித் துண்டுகள். மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவார்கள். வெளியே ஆறியது போல் இருந்தாலும் உள்ளே கொதிக்கும், நாக்கு வெந்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துக் கொடுங்கள். அதற்கு மேல் விட்டால் ரப்பராகிவிடும். கடுஞ்சைவர்கள், பால் திரிக்கச் சேர்க்கும் ரென்னெட் கன்றின் இரைப்பையிலிருந்து வந்ததா என்று கேட்க வேண்டும். மார்ஷ்மெல்லோவில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. ஸ்வீட் மார்த்தா என்ற கடையின் குக்கி வாளி விளிம்புக்கு மேல் குவித்துத்தான் வரும். சிலவற்றைத் தின்ற பிறகே மூடி போட முடியும். கையில் அதை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் சுற்ற இயலாது, கிளம்பும்போது வாங்குங்கள். குக்கியில் முட்டை இருக்கும் என்றே கொள்ளுங்கள்.

எல்லா வீட்டுக்கும் ஒத்துவருவது சுட்ட மக்காச்சோளம். தோலோடு சுட்டு, தோலைப் பின்னால் இழுத்துக் கைப்பிடியாக்கி, உருக்கிய வெண்ணெயில் முக்கித் தருவார்கள். வெண்ணெய் வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஆகஸ்டு கடைசி இங்கே சோளம் விளையும் பருவம் என்பதால் சுவை அலாதி.

எதை வாங்கினாலும் நான்கு பேருக்கு ஒரு பங்கு வாங்கிப் பகிருங்கள். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோவதானால் தயிர்சாதத்துக்குப் பனிப்பை அவசியம். 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் வெயிலில் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. புளியோதரை தாங்கும்.

பொரித்ததைத் தின்ற கையோடு சுற்றும் ராட்டினத்தில் ஏற்றினால் வாந்திதான். இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். அந்த நேரத்துக்கு 1915 முதல் ஓடும் ஓல்ட் மில் படகுச் சவாரி பொருத்தம்: இருட்டுக் கால்வாயில் மெல்ல மிதந்து போவது, நிழலும் கிடைக்கும். உயரக் கட்டுப்பாடு உள்ள ராட்டினங்களில், சீட்டு வாங்கும் முன்பே அளவுகோலில் பிள்ளையை நிறுத்திப் பாருங்கள். வரிசையின் முனையில் திருப்பி அனுப்பினால் அழுகையை அடக்க முடியாது.

பிள்ளையின் கைப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணை வீட்டிலேயே எழுதிக் கட்டுங்கள். காலையில் வாயிலில் ஒரு படம் எடுத்து வைத்தால், அன்று போட்டிருந்த சட்டையின் நிறம் பதற்றத்தில் மறந்தாலும் கையில் இருக்கும்.

வீட்டுப்பாடம் இதுதான். தொழுவங்களில் பிள்ளையோடு தமிழிலேயே பேசுங்கள். பசுவுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு. பசு ஈனும், ஆடு குட்டி போடும், கோழி குஞ்சு பொரிக்கும். குதிரை கனைக்கும், சேவல் கூவும். வெள்ளாட்டின் வால் மேல்நோக்கி நிற்கும், செம்மறியின் வால் தொங்கும். இதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நிலை 1, 2 மாணவர்கள் மூன்று விலங்குகளை வரைந்து, அவற்றின் இளமைப் பெயர்களைத் தம் கையால் எழுதி வர வேண்டும். நிலை 3-க்கு மேல் உள்ளவர்கள் தொழுவத்தில் நிற்கும் 4-எச் என்ற இளைஞர் அமைப்பின் மாணவர் ஒருவரிடம் அவர் வளர்க்கும் விலங்கைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டு, பதில்களைத் தமிழில் எழுதி வரட்டும். அந்த மாணவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான், கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். ஃபேருக்குப் போக இயலாத குடும்பங்கள் பக்கத்துப் பண்ணையையோ வீட்டுப் பூனையையோ வைத்து எழுதினாலும் ஏற்றுக்கொள்வோம். தாள்களை முதல் வகுப்பன்று வகுப்பாசிரியரிடம் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்