பைலட் ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி கண் மெடிக்கல் முடியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைலட் படிப்பு பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். எத்தனை மணி நேரம் பறக்கணும், லோன் எப்படி வாங்கறது, லைசென்ஸ் எத்தனை வகைன்னு எல்லாம் விளக்கமா இருந்துச்சு, ஆனா மெடிக்கல்னு வர்ற இடத்துல மட்டும் கண்பார்வை நல்லா இருக்கணும்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. நான் ஆப்டோமெட்ரிஸ்ட்டா, அதாவது கண் டெஸ்ட் பண்ணி பவர் பாக்கற வேலை பாக்கறேன். கண்ணாடி போட்டிருக்கோமே, நமக்கு எங்க கிடைக்கப் போகுதுன்னு ஆசைய அப்படியே விட்டுட்டுப் போற பிள்ளைங்களையும் பாக்கறேன், கண்ணுல நிஜமாவே பிரச்சனை இருக்கறது தெரியாம மொத்த பணத்தையும் கட்டிட்டு அப்புறமா மெடிக்கல்ல நின்னு போனவங்களையும் பாக்கறேன். அதனாலதான் இந்த லெட்டர்.

கண்ணாடி ஒரு தடையே இல்லைங்க. கமர்ஷியல் பைலட்டுக்கு கிளாஸ் 1 மெடிக்கல்ங்கற உடல் தகுதி சோதனை வேணும். ஐகாவோங்கற சர்வதேச விமான அமைப்பு போட்ட விதிய அடிப்படையா வெச்சுதான் ஒவ்வொரு நாடும் தன்னோட விதிய எழுதுது, சில நாடுங்க இன்னும் கொஞ்சம் கறாரா இருக்கும். அந்த விதிப்படி தூரத்துல இருக்கறதை பாக்கற பார்வை, கண் சார்ட் அளவுல ஒவ்வொரு கண்ணுலயும் தனியா 6/9, ரெண்டு கண்ணும் சேர்ந்து 6/6 வரணும், அது கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ போட்டு வந்தாலும் சரி. கிட்டத்துல இருக்கறதை படிக்கற பார்வைக்கும் தனி அளவு உண்டு. கண்ணாடியோட பாஸ் ஆனவங்க பறக்கும்போது அதை போட்டே ஆகணும், கைக்கு எட்டற இடத்துல இன்னொரு ஜோடியும் இருக்கணும். கான்டாக்ட் லென்ஸ்னா ஒரே ஃபோகஸ்தான், கலர் இருக்கக்கூடாது. லென்ஸ் விஷயத்துல இப்படி கறாரா இருக்கறது சும்மா இல்ல. 1996ல நியூயார்க் லகார்டியா ஏர்போர்ட்ல ஒரு எம்டி-88 விமானம் ரொம்ப தாழ்வா வந்து ரன்வேக்கு முன்னாடி இருந்த லைட் கம்பங்கள்ல மோதுச்சு, கேப்டன் ஒரு கண்ணுக்கு தூரத்துக்கும் இன்னொரு கண்ணுக்கு கிட்டத்துக்கும்னு மோனோவிஷன் லென்ஸ் போட்டிருந்ததை விசாரணையில முக்கிய காரணமா சொன்னாங்க.

எனக்கு ரொம்ப கவலையா இருக்கறது லேசர் விஷயம்தான். பவரை எடுத்துட்டா ஈஸியா பாஸ் ஆயிடலாம்னு பதினெட்டு வயசு முடிஞ்ச கையோட வந்து நிக்கறாங்க. அந்த வயசுல பவர் இன்னும் மாறிக்கிட்டே இருக்கலாம், அதோட கெரட்டோகோனஸ்ங்கற கண் நோய் ஆரம்பிக்கறதும் பெரும்பாலும் டீன் ஏஜ்லயோ இருபதுகளோட தொடக்கத்துலயோதான். கருவிழி கொஞ்சம் கொஞ்சமா மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னாடி தள்ளும், சிலிண்டர் பவர் ஏறிக்கிட்டே போகும், கண்ணாடிய மாத்தி மாத்தி போட்டும் எழுத்து நிழல் அடிக்கும். அலர்ஜியால கண்ணை எப்பவும் கசக்கிக்கிட்டே இருக்கற பிள்ளைங்ககிட்ட இதை அதிகமா பாக்கலாம். இந்தக் கண்ணுல லாசிக்ங்கற லேசர் ஆபரேஷன் பண்ணினா ஏற்கனவே மெலிஞ்ச கருவிழி இன்னும் பலவீனமாயிடும். அதனால கருவிழியோட வடிவத்தை அளக்கற டோப்போகிராஃபி ஸ்கேன் எடுக்காம யாரும் லேசர்ங்கற பேச்சையே எடுக்கக்கூடாது. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டு புற ஊதா ஒளி காட்டற கிராஸ்லிங்கிங் சிகிச்சைல நோய் மேல போகாம நிறுத்தப் பாக்கலாம், அப்புறம் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் போட்டு நல்ல பார்வையும் கொண்டு வரலாம். கெரட்டோகோனஸ்னு பேர் வந்ததுமே எல்லா நாட்டுலயும் கதவு சாத்திடறதில்ல, ஐரோப்பாவுல லென்ஸ் போட்டு தேவையான அளவு பார்வை வந்து நிபுணர்கிட்ட ஒழுங்கா செக்கப் போயிட்டு இருந்தா ஃபிட் கொடுக்க விதியில இடம் இருக்கு. ஆனா லேசர் பண்ணி கெடுத்துக்கிட்டவங்களுக்கு அந்த வாய்ப்பும் கஷ்டமாயிடுது, இதை நினைச்சாலே எனக்கு மனசு ஆறறதில்ல.

கலர் குறைபாடு வேற மாதிரி. பிறவியிலயே வர்றது, மருந்து கிடையாது, ஆண் பிள்ளைங்களுக்குதான் அதிகம், கலர் புள்ளிகளுக்குள்ள ஒளிஞ்சிருக்கற நம்பரை படிக்க வைக்கற இஷிஹாரா புத்தகத்தை காட்டற வரைக்கும் பல பேருக்கு தெரியவே தெரியாது. ரன்வே பக்கத்துல பாப்பின்னு நாலு லைட் இருக்கும், ரெண்டு வெள்ளை ரெண்டு சிவப்புன்னா சரியான உயரம், நாலும் சிவப்புன்னா ஆபத்தான தாழ்வு. 2002ல அமெரிக்காவுல டலஹாசி ஏர்போர்ட்ல விடியறதுக்கு முன்னாடி ஒரு போயிங் 727 சரக்கு விமானம் ரன்வேக்கு முன்னாடியே மரங்கள்ல மோதி விழுந்துச்சு, ஓட்டின துணை பைலட்டுக்கு கலர் குறைபாடு இருந்ததை விசாரணை அறிக்கை எழுதியிருக்கு. அதனால நம்பரை மனப்பாடம் பண்ணிட்டு போய் பாஸ் ஆகற வேலைய தயவு செஞ்சு யாரும் சொல்லிக் கொடுக்காதீங்க. இஷிஹாரால ஃபெயில் ஆனாலே முடிஞ்சதுன்னும் அர்த்தமில்ல, விமானத்துறையில பயன்படற கலர் லைட்டை சரியா சொல்ல முடிஞ்சா ஃபிட் கொடுக்க ஐகாவோ விதியிலேயே வழி இருக்கு. லண்டன் சிட்டி யுனிவர்சிட்டில உருவாக்கின காட்ங்கற கம்ப்யூட்டர் டெஸ்ட் குறைபாடு எவ்வளவுன்னு அளந்தே சொல்லிடும், அமெரிக்காவுல 2025 ஜனவரியில இருந்து புதுசா வர்றவங்களுக்கு கம்ப்யூட்டர் டெஸ்ட்தான்.

மாறுகண் இருக்கறவங்களும் கேக்கறாங்க. ரெட்டையா தெரியாம, கண்ணு சோர்ந்து போகாம ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செஞ்சா அதுவும் கட்டாயமா தகுதி இழப்பு ஆகாது. ஒத்தக் கண்ணோட வைலி போஸ்ட் 1933லயே தனியா உலகத்தை சுத்தி பறந்து காட்டினார், ஆனா இன்னிக்கு கமர்ஷியல் லைசென்ஸுக்கு அது நாட்டுக்கு நாடு தனித்தனியா பரிசீலிக்கற விஷயம், அவரை காட்டி யாருக்கும் உறுதி கொடுக்க முடியாது.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த தடவை பைலட் படிப்பு பத்தி போடும்போது கண் அளவுகளையும் கட்டுரையோட நடுவுலயே போடுங்க, விமான மருத்துவம் தெரிஞ்ச ஒரு டாக்டரை வாசகர் கேள்விக்கு பதில் சொல்ல வைங்க. அது வர்ற வரைக்கும் பெத்தவங்க ஒண்ணு பண்ணுங்க, அட்மிஷன் போடறதுக்கு முன்னாடி பழைய கண்ணாடி சீட்டு, ஆபரேஷன் பண்ணியிருந்தா அதோட ரிப்போர்ட், எல்லாத்தையும் எடுத்துட்டு போய் கிளாஸ் 1 மெடிக்கலை முடிச்சிடுங்க. எதையும் மறைக்காதீங்க, இது ஒரு தடவையோட முடியற டெஸ்ட் இல்ல, வேலையில இருக்கற வரைக்கும் வருஷா வருஷம், வயசானா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கூட வரும். ஃப்ளையிங் ஸ்கூல் நடத்தறவங்களும் மெடிக்கல் சர்டிஃபிகேட்டை பாத்த பிறகே முழு ஃபீஸ் வாங்கணும்.

இப்படிக்கு,
ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட் வாசகி