ஜனவரியில் எழுதியதை ஜூனில் படித்தேன்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாலதி,

நாலு மாதமாக உனக்கு எழுதவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சரோஜா சிஸ்டர் ரிட்டையர் ஆகிவிட்டார். விருந்தில் வஞ்சிரம் வறுவலைப் பார்த்ததும் எல்லோரும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டோம். ஏன் என்று உனக்கே தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம், என் எம்பிபிஎஸ் பிள்ளைகள் வார்டில் கற்றதை எழுதி என் கையெழுத்துக்காகக் கொடுத்து, என் பீரோவில் கிடந்த 38 லாக்புக்கையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பெண் ஜனவரியிலேயே எழுதியிருக்கிறாள்: “பிபி பார்க்கும்போது சத்தம் எனக்குப் பிடிபடவில்லை. யாரிடமும் சொல்லப் பயம். சிஸ்டர் குறித்த எண்ணையே நானும் எழுதிவிடுகிறேன்.” நான் படித்தது ஜூனில். ஐந்து மாதம் அந்தப் பிள்ளை அப்படியே வார்டில் சுற்றியிருக்கிறாள்.

காசிமேட்டில் மீன் ஏலம் முடிந்து நேராக வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நோட்டைத் திறக்க முடியுமா? நோயாளி கூப்பிடுவார், லாக்புக் கூப்பிடாது. ஆனால் இது பாதிக் காரணம்தான் மாலதி. ராத்திரி டியூட்டியில் இரண்டு மணி நேரம் சும்மா இருந்த நாட்களிலும் நான் தொடவில்லை.

2019-இல் புதுப் பாடத்திட்டம் வந்ததிலிருந்து ஒவ்வொரு திறனுக்கும் பி (எதிர்பார்ப்புக்குக் கீழே), எம் (எதிர்பார்த்த அளவு), இ (அதற்கும் மேலே) என்று ஒன்றைப் போட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். ‘பி’ போட்டால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் காரணம் சொல்ல வேண்டும், முகம் வாடுவதைப் பார்க்க வேண்டும், மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குப் பயந்துதான் பீரோவைப் பூட்டினேன். ஒரு வேலை தரும் மனக்கஷ்டத்திலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கத்தான் தள்ளிப்போடுகிறோம் என்று உளவியலாளர்கள் சிரோய், பிச்சில் இருவரும் 2013-இல் எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு முகம் சுட்டது.

சீனியர்களிடம் கேட்டால், “எல்லாருக்கும் எம் போட்டுடும்மா” என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. பதவி உயர்வுக்கு ஆராய்ச்சிக் கட்டுரையை எண்ணுகிறார்கள். இப்படி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை யார் எண்ணுகிறார்கள்?

நேற்று அவளைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் சேர்ந்து கேட்கும் ஸ்டெதஸ்கோப்பைக் கடன் வாங்கி, ஒரு படகுக்காரத் தாத்தாவின் கையில் பட்டையைக் கட்டிக் காற்றை மெல்ல இறக்கினேன். 158-இல் அவள் விரலைத் தூக்கினாள். எனக்கும் அங்கேதான் கேட்டது. தாத்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இன்னும் 16 லாக்புக் இருக்கிறது. உன் மாணவர்களுக்கு ‘பி’ போட்டுவிட்டு முதலில் என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவாய்? அதை மட்டுமாவது உடனே எழுது.

உன்,
வசந்தி