பால் மெக்ராவைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பால் மெக்ராவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. சிலருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஆனாலும் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. அயர்லாந்து கால்பந்து அணிக்காக 83 ஆட்டங்கள், ஒரு ஐரோப்பியக் கோப்பை, இரண்டு உலகக் கோப்பைகள் ஆடிய மனிதர் மெக்ரா. அத்தனையும் எட்டு முறை அறுவை சிகிச்சை கண்ட முழங்கால்களோடும், குடிப்பழக்கத்தோடு நடந்த நெடிய போராட்டத்தோடும். அவருடைய திறமையைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தத் திறமை 1989-லேயே வீணாகப் போய்விடாமல் பார்த்துக்கொண்ட உங்களுக்கு, அவர் ஆட்டத்தை உயிராக ரசித்த ஒருவனாக நான் நன்றி சொல்ல வேண்டும்.

டப்ளினிலிருந்து தொடங்குகிறேன். மெக்ரா 1959 டிசம்பரில் லண்டனில் பிறந்தவர். தாய் அயர்லாந்துப் பெண், தந்தை நைஜீரியர். திருமணத்துக்கு வெளியே, அதுவும் கறுப்பினத்தவர் ஒருவருக்குக் குழந்தை பெற்றேன் என்று அந்தக் காலத்து அயர்லாந்தில் ஒரு பெண் வாய் திறந்து சொல்ல முடியாது. பிறந்து சில வாரங்களிலேயே குழந்தை டப்ளினில் ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் போனது. ஐந்து வயதிலிருந்து அநாதை இல்லங்கள். சுற்றிலும் வெள்ளை முகங்கள் மட்டுமே இருந்த ஊரில் ஒரு கறுப்புப் பையனுக்கு என்னென்ன பேச்சு கிடைத்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட பையனைக் கூப்பிட்டு, காலில் பந்தைக் கொடுத்து ஆடவிட்ட பியர்ஸ் ரோவர்ஸ், டால்கி யுனைடெட் குழுக்காரர்களே, முதல் நன்றி உங்களுக்குத்தான். சம்பளம் வாங்காமல் சனி ஞாயிறுகளில் மைதானத்துக்குக் கோடு போட்டு, வலை கட்டி, சட்டை துவைத்துத் தந்தவர்கள் இல்லாமல் எந்த ஆட்டக்காரரும் உருவாவதில்லை.

இளம் திறமைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் பில்லி பெஹன் ஐயாவுக்கும் நன்றி. ஜானி கேரி, லியாம் வீலன், ஜானி கைல்ஸ் என்று டப்ளினிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு மணிமணியான ஆட்களை அனுப்பிய அந்தக் கண்தான் மெக்ராவையும் கண்டுகொண்டது. தகரப் பட்டறையில் தொழில் பழகி, காவலாளி வேலையும் பார்த்துக்கொண்டிருந்த இளைஞன் அவர். 1981-ல் டப்ளினின் இன்ச்சிக்கோர் பகுதியில் உள்ள செயின்ட் பேட்ரிக்ஸ் அத்லெட்டிக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒரே பருவம்தான். அதற்குள் அயர்லாந்து லீகின் சிறந்த ஆட்டக்காரர் என்று சக வீரர்களே அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 'இன்ச்சிக்கோரின் கறுப்பு முத்து' என்று பெயர் வைத்துக் கொண்டாடிய, அந்தக் கழகத்தின் ரிச்மண்ட் பார்க் மைதானத்து ரசிகர்களை நான் எப்படி மறப்பேன்!

1982-ல் அவரை மான்செஸ்டருக்குக் கூட்டிப் போனவர் யுனைடெட்டின் மேலாளர் ரான் அட்கின்சன். 1985-ல், இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்தில் யுனைடெட்டின் கெவின் மோரன் வெளியேற்றப்பட்டார். அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அப்படி வெளியே போன முதல் ஆள் அவர்தான். மீதிப் பத்துப் பேரோடு எவர்ட்டனைத் தடுத்து நிறுத்தியதில் பெரிய பங்கு மெக்ராவுடையது. கூடுதல் நேரத்தில் நார்மன் வைட்சைட் அடித்த கோலால் கோப்பை கிடைத்தது.

அப்புறம் நிலைமை மாறியது. முழங்கால் பழுதாகிக்கொண்டே வந்தது, குடி கூடிக்கொண்டே போனது. 1989 வாக்கில், பணம் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றுவிடு என்று கழகம் அவரிடம் சொன்னது. அணியை ஒழுங்குக்குக் கொண்டுவர நினைத்த அப்போதைய மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் இடத்தில் இருந்தால் பலரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அதனால்தான் வேறு மாதிரி செய்தவர்கள் எனக்குப் பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

கிரஹாம் டெய்லர் ஐயா, நீங்கள்தான் வேறு மாதிரி செய்தீர்கள். ஏறத்தாழ முப்பது வயது, கால் போய்விட்டது, குடிக்கிறார் என்று ஊரே பேசிய ஒருவரை, நீங்கள் மேலாளராக இருந்த ஆஸ்டன் வில்லா கழகத்துக்கு வாங்கினீர்கள். வந்த முதல் மாதங்களிலேயே அவர் மனம் உடைந்து விழுந்தபோது, ஏன் வாங்கினோம் என்று நீங்கள் கையைப் பிசையவில்லை. ஆட்டக்காரர் என்ற நினைப்பைத் தள்ளி வைத்துவிட்டு மனிதரைப் பார்த்தீர்கள். அந்தப் பருவத்தில் வில்லா லீகில் இரண்டாம் இடம் பிடித்தது. 2017-ல் நீங்கள் காலமானபோது மெக்ரா எவ்வளவு உடைந்து போயிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

இப்போது ஜிம் வாக்கர். வில்லாவின் பிசியோ, அதாவது ஆட்டக்காரர்களின் காயங்களைக் கவனிக்கும் இயன்முறை மருத்துவர், அவர். ஒரு பிசியோவின் பெயர் ரசிகர்கள் வாயில் வருவது அபூர்வம். வாக்கரின் பெயரை வில்லா ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்கள். குருத்தெலும்பு தேய்ந்துபோன முழங்கால், ஓடித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் உள்ளே உராயும், வீங்கும். வாரம் முழுக்கப் பயிற்சியில் ஓடவிட்டால் சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. எனவே மெக்ரா மற்றவர்களோடு பயிற்சி செய்யவே வேண்டாம் என்று முடிவானது. அணி பாடிமூர் ஹீத் பயிற்சி மைதானத்துப் புல்வெளியில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் உள்ளே உடற்பயிற்சி சைக்கிளில் கொஞ்ச நேரம் மிதிப்பார். அவ்வளவுதான். ஆட்ட நாளன்று நேராக வந்து ஆடுவார். கேட்பதற்கு எளிது. ஆனால் எந்தப் பயிற்சியாளரிடமும் போய், 'இவர் ஓடமாட்டார், ஆனால் ஆடுவார்' என்று சொல்லி நம்பவைக்க ஒரு துணிச்சல் வேண்டும். காலைப் பார்த்துக்கொண்டதோடு வாக்கர் நிற்கவில்லை. மெக்ரா காணாமல் போன நாட்களில் தேடிப் போனவரும், அவர் பேசும்போது உட்கார்ந்து கேட்டவரும் அவர்தான். வில்லாவில் மெக்ரா ஆடிய 253 லீக் ஆட்டங்களில் பாதியை உங்கள் கணக்கில் எழுத வேண்டும் வாக்கர் ஐயா.

இந்த ஏற்பாட்டை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்ட வில்லா ஆட்டக்காரர்களுக்கும் என் வணக்கம். மழையிலும் பனியிலும் தினமும் ஓடுகிறவர்களுக்கு, ஓடாத ஒருவர் சனிக்கிழமை முதல் பெயராக அணியில் இருப்பதைப் பார்த்தால் பொறாமை வருவது இயல்பு. ஆனால் அவர் பின்னால் நிற்கும்போது எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குத்தான் தெரியும். வேகம் போன பிறகும் அவர் பந்து வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே நின்றுகொண்டிருப்பார், வழக்கமாக வரும் பேருந்துக்காக நிற்பவரைப் போல. 1993-ல், 33 வயதில், இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வாக்களித்து ஆண்டின் சிறந்த வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். எதிரில் நின்று ஆடியவர்களும் சேர்ந்து கொடுத்த விருது அது. வாக்களித்த ஒவ்வொருவருக்கும் நன்றி.

அயர்லாந்து அணியின் மேலாளராக இருந்த ஜாக் சார்ல்ட்டன் ஐயாவுக்கு என்ன சொல்வது? கண்டிப்பானவர், பிடிவாதக்காரர் என்று பெயரெடுத்தவர் நீங்கள். மெக்ராவிடம் மட்டும் ஒரு தகப்பனைப் போல நடந்துகொண்டீர்கள். டப்ளினின் லான்ஸ்டவுன் ரோடு மைதானத்துக்கு வந்த அணிப் பேருந்திலிருந்து இறங்க முடியாத நிலையில் அவர் இருந்த நாளில், செய்தியாளர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லி அவர் மானத்தைக் காத்தீர்கள். பிசியோ மிக் பர்னும், அணிப் பொருட்களைப் பார்த்துக்கொண்ட சார்லி ஓலீரியும் பயணங்களில் அவரைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தடுப்பு வரிசையின் நடுவில் ஆள் நிறைய இருந்ததால் அவரை நடுக்களத்துக்கு மாற்றினீர்கள். 1988 ஐரோப்பியக் கோப்பையில், ஸ்டுட்கார்ட்டில் இங்கிலாந்தை 1-0 என்று வென்ற ஆட்டத்திலும், 1990-ல் கால் இறுதி வரை போன உலகக் கோப்பையிலும் அங்கேயும் அவர் சோபித்தார்.

1994 ஜூன் 18, நியூ ஜெர்சி ஜயன்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பையில் இத்தாலிக்கு எதிரான ஆட்டம். அந்தப் பதிவை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தோள்பட்டைக் கோளாறு, ஒரு கையைச் சரியாகத் தூக்கவே முடியவில்லை. வயது 34. எதிரே அந்த நேரத்தில் உலகின் சிறந்த ஆட்டக்காரராக இருந்த ராபர்ட்டோ பாஜியோ. அயர்லாந்தின் ரே ஹவ்டன் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு இத்தாலி ஏறி வந்துகொண்டே இருந்தது. மெக்ரா தலையால் அடித்தார், சறுக்கி எடுத்தார், ஓங்கி அடித்த பந்தை முகத்தில் வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற இளைஞர் ஃபில் பாப்பையும் நிலை குலையாமல் பார்த்துக்கொண்டார். உலகக் கோப்பையில் பெனால்டி வரை போகாமல் ஆட்ட நேரத்திலேயே அயர்லாந்து பெற்ற முதல் வெற்றி அது. ஒரு தடுப்பாட்டக்காரர் ஆடிய இதைவிடச் சிறந்த ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. அன்று அவர் களத்தில் நிற்க முடிந்ததற்கு ஐந்து வருடங்களாக நீங்கள் எல்லோரும் பட்ட பாடுதான் காரணம்.

1996-ல் டெர்பி கழகத்துக்கு அழைத்துப் போய், அணி பிரீமியர் லீகில் நிலைத்து நிற்க அவருடைய அனுபவத்தைப் பயன்படுத்திக்கொண்ட மேலாளர் ஜிம் ஸ்மித்துக்கும், கடைசிப் பருவத்தில் இடம் கொடுத்த ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கும் நன்றி. 'ஊ ஆ பால் மெக்ரா' என்று தொண்டை கிழியப் பாடிய அயர்லாந்து ரசிகர்களுக்கும், இன்றைக்கும் அவரைக் 'கடவுள்' என்றே கூப்பிடும் வில்லா ரசிகர்களுக்கும் நன்றி. குடியோடு அவர் பட்ட பாட்டை அவரே வெளிப்படையாகச் சொன்ன பிறகும் உங்கள் பாட்டு கொஞ்சமும் தணியவில்லை.

சரி, எனக்குத் தெரியாமல் விட்டுப்போனவர்கள் நிச்சயம் இருப்பார்கள். இரவில் கார் எடுத்துக்கொண்டு போய் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டவர்கள், சாப்பிட வைத்தவர்கள், அறுவை சிகிச்சை அறையில் நின்ற செவிலியர்கள். உங்களுக்கும் இந்த மடல் சேரும்.

அன்புடன்,
ஒரு ரசிகன்